இலைக் கொட்டகையில கேட்ட கேள்விகள்: பெரிய நாட்டு வரிச்சண்டை நம்ம மலைக்கு எப்படி ஏறி வருது

கோத்தகிரி பக்கம் எனக்கு ஒண்ணரை ஏக்கர் தேயிலை இருக்கு. அதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் ஒரு இலை பேக்டரியில கணக்கு எழுதினேன், அந்த ஒரே காரணத்துக்காக சாயங்காலம் எடை போடுற கொட்டகையில யாரு டிவியில என்ன பார்த்தாலும் நேரா என்கிட்டதான் கொண்டாந்து போடுறாங்க, "ஏங்க, இதனால நம்ம இலைக்கு என்ன ஆகும்"னு. 2025 ஆகஸ்ட்ல இருந்து இது ரொம்பவே ஜாஸ்தி. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

எங்கயோ அமெரிக்காவும் சீனாவும் அடிச்சுக்கிட்டா எனக்கென்னங்க வந்துச்சு?

நேரா பார்த்தா ஒண்ணும் வரல, சுத்தி வளைச்சு நெறைய வரும். முதல்ல நடந்ததைச் சுருக்கமா சொல்லிடுறேன். 2018 ஜூலையில அமெரிக்கா சீன சாமான் மேல வரி போட ஆரம்பிச்சுது, சீனா பதிலுக்கு அமெரிக்க சோயாபீன்ஸ் மேல 25 சதவீதம் போட்டுது. 2025 ஏப்ரல்ல அது மறுபடி முத்தி, அமெரிக்கா 145 சதவீதம், சீனா 125 சதவீதம்னு ஏலம் கேக்குற மாதிரி ஏத்திக்கிட்டே போயி, மே மாசம் ஜெனிவாவுல உக்காந்து பேசி முப்பதுக்கும் பத்துக்கும் எறக்கிக்கிட்டாங்க. நம்ம நாட்டுக்கு ஆகஸ்ட் 7ல 25 சதவீதம், ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குறோம்னு ஆகஸ்ட் 27ல இன்னொரு 25, ஆக மொத்தம் அப்போ 50 ஆச்சு.

இதுல கவனிங்க, பெரிய நாடு ரெண்டும் ஏத்தினாங்க, ஒரே மாசத்துல எறக்கிக்கிட்டாங்க. அவங்களுக்கு எறக்குறதுக்கு ஏதோ ஒண்ணு கையில இருக்கு. நம்ம கையில இருக்கிறது காலையில பறிச்ச இலை, அது சாயங்காலத்துக்குள்ள பேக்டரிக்குப் போகணும். நான் சொல்லப்போறது முழுக்க இதுதான்.

வரியை யாருங்க கட்டுறது? நாமளா, அவங்களா?

கட்டுறது அங்க துறைமுகத்துல சரக்கை எறக்குற வியாபாரி, அமெரிக்கக்காரர்தான். ஆனா அவரு சும்மா கட்டுவாரா? கொச்சியிலயோ கோயமுத்தூர்லயோ இருக்கிற ஏற்றுமதிக்காரருக்கு போன் போட்டு "பாதியை நீ ஏத்துக்கோ"ம்பாரு. இவரு அடுத்த வாரம் குன்னூர் தேயிலை ஏலத்துல ரெண்டு ரூபா கம்மியா கேப்பாரு. பேக்டரிக்கு சராசரி விலை எறங்கும், மாசக் கடைசியில இலை விலையும் எறங்கும். கடைசி ஆளு யாருன்னு பாருங்க, அவருக்குக் கீழ போன் போடுறதுக்கு ஆளே கிடையாது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், கற்பனை நம்பர்தான், ஆனா கணக்கு போடுற முறை நெஜம். தேயிலை வாரியத்தோட பங்கீட்டுக் கணக்குல தூள் வித்த காசுல 65 பங்கு விவசாயிக்கு, 35 பேக்டரிக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலேகால் கிலோ பச்சை இலை போகுதுன்னு வைங்க. தூள் 120 ரூபாய்க்குப் போனா உங்க பங்கு 78, அதை நாலேகாலால வகுத்தா கிலோ இலைக்கு 18 ரூபா 35 காசு. ஏலத்துல வெறும் பத்து ரூபா எறங்கி 110 ஆச்சுன்னா இலை 16 ரூபா 82 காசு. ஒண்ணரை ரூபா போச்சு. ஒரு பறிப்பு ரவுண்டுக்கு முன்னூறு கிலோ எடுக்கிறவருக்கு நானூத்தம்பது ரூபா, மாசம் ரெண்டு ரவுண்டுன்னா தொள்ளாயிரம். பறிப்புக் கூலி, உரம், மருந்து, இலை வண்டி வாடகை எதுலயும் ஒரு காசு குறையாது, அதனால எறங்குற காசு முழுக்க மிச்சத்துல இருந்துதான் போகும், மிச்சமே அவ்வளவுதான் இருந்திருக்கும்.

நம்ம டீயை அமெரிக்காக்காரன் அவ்வளவு குடிக்கிறானா என்ன?

இல்லீங்க. நம்ம மலையில பெரும்பகுதி சி.டி.சி தூளு, அதாவது மெஷின்ல நசுக்கிக் கிழிச்சு உருட்டுற டீ, அதுல நெறைய கேரளாவுக்கும் நம்ம ஊரு டீக்கடைக்கும் வடக்கயும் போகுது, வெளிநாடுன்னா ரஷ்யா பக்கம், அரபு நாடுங்க பக்கம். அமெரிக்காவுக்குப் போறது கொஞ்சம் ஆர்த்தடாக்ஸ், அதாவது இலையைச் சுருட்டிப் பண்ணுற பழைய முறை டீ. அங்க ஐஸ் டீதான் ஜாஸ்தி, நீலகிரி டீயை ஆற வச்சாலும் கலங்காம தெளிவா நிக்கும், அதனால ஐஸ் டீக்கு நம்ம சரக்குக்கு ஒரு பேரு உண்டு. (நம்மூர்ல யாரும் அதைக் குடிச்சுப் பார்த்ததில்ல, அது வேற விஷயம்.) ஆக 50 சதவீத வரி நேரா அடிச்சது ஆர்த்தடாக்ஸ், ஸ்பெஷல் டீ பண்ணுற சில பேரை மட்டும். அதுவும் 2025 நவம்பர்ல அமெரிக்காவுல மளிகை விலை ஏறிப் போச்சுன்னு டீ, காபி, வாழைப்பழம், சில மசாலா சாமானுக்கெல்லாம் அந்த நாட்டுவாரி வரியில இருந்து விலக்கு குடுத்துட்டாங்க.

ஆனா ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் நடுவுல மூணு மாசம் இருக்கே. அந்த மூணு மாசம் பெரிய வாங்குறவங்க "பொறுத்துப் பார்ப்போம்"னு உக்காந்துட்டாங்கன்னா, வரி விழாத சரக்குக்கும் கேக்குறவன் இருக்க மாட்டான். ஆர்த்தடாக்ஸ் பண்ணுறவரு "இது ஓடல"ன்னு மெஷினை நிறுத்திட்டு சி.டி.சி பக்கம் வந்தா, சி.டி.சி ஏலத்துல சரக்கு கூடிப்போகும். வியாழன் வெள்ளி ஏலத்துல சரக்கு விக்காம நின்னா பேக்டரிக்காரர் பேங்க்ல வட்டி கட்டணும், அந்த வட்டி கடைசியில எங்க எறங்கும்னு மேல சொல்லிட்டேன்.

அப்போ வரியே நமக்கு விழலைன்னாலும் விலை எப்படிங்க விழும்?

சரக்கு வழி மாறும். ஒரு கதவு மூடினா லாரி நிக்காது, அடுத்த கதவுக்குத் திரும்பும். கருப்புத் தேயிலை ஏற்றுமதியில உலகத்துலயே முதல் ஆளு கென்யா. மொம்பாசாவுல ஏலம் நடக்கும், பாகிஸ்தான்தான் அவங்களோட பெரிய வாடிக்கை. அவங்க வாங்குற நாட்டுல எங்கயாவது சண்டை, பணத்தட்டுப்பாடு, வரித் தகராறுன்னா அந்தச் சரக்கு வேற ஊரு தேடும். 2024ல நம்ம நாட்டுக்கே கென்யா டீ எகிறி வந்துச்சு. இறக்குமதி டீக்கு 100 சதவீத வரி இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா திரும்ப ஏற்றுமதி பண்ணுறேன்னு எழுதிக் குடுத்தா வரி இல்லாம எறக்கலாம். எறங்கின மூட்டை எல்லாம் திரும்ப ஏறுதான்னு கேக்குறதுதான் விவசாய சங்கங்களோட பல வருஷத்து சண்டை.

வரி இல்லாம வேற மாதிரியும் அடிக்கும். ஈரான் நம்ம நாட்டு ஆர்த்தடாக்ஸ் டீக்கு நல்ல கிராக்கி, அங்க அமெரிக்கத் தடை இருந்ததால டாலர் கிடையாது. நாம எண்ணெய் வாங்கி ரூபாயா இங்க பேங்க்ல போடுவோம், அதுல இருந்து அவங்க டீக்குக் குடுப்பாங்க. 2019 மே மாசம் அமெரிக்க நெருக்கடியில நாம ஈரான் எண்ணெயை நிறுத்தினோம். எண்ணெய் நின்னதும் அந்தக் கணக்குல ரூபாய் வத்திப் போச்சு, டீக்குக் காசு இல்ல. அடி வாங்கினது பெரும்பாலும் அசாம், ஆனா வழி எப்படின்னு பாருங்க, எண்ணெய்க்கும் கொழுந்துக்கும் முடிச்சு போட்டிருக்கு.

இதுக்கு முன்னாடி இப்படி நம்ம மலையில நடந்திருக்கா?

நடந்திருக்கு, வயசு நாப்பதுக்கு மேல இருக்கிறவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. 1980கள்ல இந்திய டீக்கு பெரிய வெளிநாட்டு கிராக்கி சோவியத் யூனியன். ரூபாயிலயே வாங்குவாங்க, தரம் எப்படி இருந்தாலும் வாங்குவாங்க. கேரட், உருளை போட்டுக்கிட்டிருந்த எத்தனையோ பேரு அதை நம்பி மேட்டுல பள்ளத்துல எல்லாம் தேயிலை நட்டாங்க. 1991 டிசம்பர்ல அந்த நாடே இல்லாம போச்சு. கொஞ்ச வருஷம் தடுமாறி ஓடுச்சு, 1998 ஆகஸ்ட்ல ரஷ்யாவோட ரூபிள் கவுந்துச்சு, அதுக்கப்புறம் குன்னூர் ஏலம் விழுந்த விழுகை இருக்கே, கிலோ இலை நாலு ரூபா, அஞ்சு ரூபான்னு ஆயிடுச்சு. அதே சமயத்துல இலங்கையோட தடையில்லா வணிக ஒப்பந்தம் 2000 மார்ச்ல நடைமுறைக்கு வந்துச்சு, வருஷம் ஒண்ணரைக் கோடி கிலோ டீ சலுகை வரியில வரலாம்னு. 2001 ஏப்ரல்ல உலக வர்த்தக அமைப்புக்காக இறக்குமதி அளவுக் கட்டுப்பாட்டையும் எடுத்துட்டாங்க. எங்க அப்பா கடைசி வரைக்கும் "சிலோன் டீதான் நம்மைக் கெடுத்துச்சு"ன்னு சொல்லுவாரு, ஆனா அந்த இலங்கைக் கோட்டாவுல பெரும்பகுதி பயன்படவே இல்ல. எங்க வீடே, இலங்கைத் தோட்டத்துல இருந்த இந்தியத் தமிழர்ல பல பேரை இங்க அனுப்பின 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல கண்டியில இருந்து வந்த குடும்பம், அங்க இருந்து வந்த டீயைத் திட்டுறப்ப அப்பாவுக்கே சிரிப்பு வரும்.

இலை விலை விழுந்த அந்தச் சமயத்துல எனக்குப் பதினஞ்சு வயசு. ஒரு நாள் சாயங்காலம் இலை வண்டி நாலு மூட்டையைத் திரும்பக் கொண்டாந்து வாசல்ல எறக்கிட்டுப் போச்சு, பேக்டரியில எடம் இல்லைன்னு. அப்பா ஒண்ணும் பேசல. அம்மா சாக்கை மட்டும் உதறி எடுத்து மடிச்சு வச்சாங்க, சாக்காவது மிஞ்சட்டும்னு.

ஒண்ணு நேர்மையா சொல்லணும். முழுப் பழியையும் ரஷ்யா மேல போட முடியாது. எதைக் குடுத்தாலும் வாங்குறான்னு நாமளும் முத்தின இலை, காம்பு எல்லாத்தையும் கத்திரி போட்டு வெட்டி அனுப்பினோம், பேக்டரியும் கண்டுக்கல. கேக்குற ஆளு ஒருத்தன்தான்னு இருந்தோம், அவன் போனதும் அடுத்த ஆளு நம்ம தூளை மோந்து பார்த்துட்டுப் போயிட்டான். அந்தக் கெட்ட பேரு போக எத்தனை வருஷம் ஆச்சு.

ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாங்களே, அந்தக் கூத்தாடி நாமளா இருக்கக் கூடாதா?

இருக்கலாம், சில பேரு ஆயிருக்காங்க. சீனா அமெரிக்க சோயா மேல வரி போட்டப்ப பிரேசில்காரன் கல்லா கட்டினான். சீனாவுல இருந்து கெளம்பின கம்பெனிங்க வியட்நாம்ல போயி எறங்குனாங்க. ஆனா அவங்ககிட்ட துறைமுகம் பக்கத்துல இருந்துச்சு, நெலம் இருந்துச்சு, சரக்கைப் பிடிச்சு வைக்க குடோன் இருந்துச்சு.

நம்ம பக்கத்துல இதுக்கு நல்ல உதாரணம் கொடைக்கானல் பக்கத்துப் பழனி மலைத்தொடர். என் மச்சான் தாண்டிக்குடி பக்கம் காபி வச்சிருக்காரு, நடுவுல மிளகும் மலை வாழையும். அரபிகா காபிக்கு விலை நியூயார்க் சந்தையில போடுறது. 2025 பிப்ரவரியில அங்க ஒரு பவுண்டு (அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி) 4 டாலரைத் தாண்டுச்சு, பிரேசில்ல வறட்சி ஒரு காரணம். ஆகஸ்ட்ல பிரேசில் சாமான் மேல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும், எறங்க ஆரம்பிச்சிருந்த விலை மறுபடி ஏறுச்சு. அப்போ நம்ம காபிக்கும் அதே 50 சதவீதம்தான் இருந்துச்சு, அதனால அமெரிக்காவுல நமக்கு ஒண்ணும் தனிச் சலுகை இருக்கல, ஆனா நியூயார்க் விலை ஏறினா தாண்டிக்குடி வியாபாரியும் ஏத்தித்தான் கேக்கணும். மச்சான் என்ன பண்ணினாரு தெரியுமா, ஒண்ணும் பண்ணல. காயவச்ச கொட்டையைச் சாக்குல கட்டி பரண்ல போட்டுட்டு "வரட்டும் பார்ப்போம்"னு உக்காந்திருந்தாரு, வியாபாரி மூணு தடவை வந்துட்டுப் போனாரு, நாலாவது தடவைதான் குடுத்தாரு. நவம்பர்ல பிரேசில் காபிக்கும் வரியை எடுத்தாங்க. அதுக்கு முன்னாடியே அவரு சாக்கு காலி.

நான் அவருகிட்ட சொன்னேன், "மாப்ள, உனக்குப் பரண் இருக்கு, எனக்கு இல்ல". அவரு சிரிச்சுட்டு "மிளகைப் பத்தியும் கேளுங்க மாமா"ன்னாரு. மிளகுல அவருக்கு வேற கதை. வியட்நாம் மிளகு இலங்கை வழியா சுத்தி வந்து விலையை இடிச்சு, அதுக்காக 2017 டிசம்பர்ல கிலோ 500 ரூபாய்க்குக் கீழ இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு அரசாங்கமே வரம்பு வச்ச கதை.

பூண்டு போடுறவங்களுக்கு?

சீனப் பூண்டை நோய்க் கிருமி பயத்துல 2014லயே நம்ம நாடு தடை பண்ணிடுச்சு, இருந்தாலும் கள்ளத்தனமா நேபாளம் வழியா வருதுன்னு அடிக்கடி பிடிக்கிறாங்க. சீனாவுல தேங்கினா நமக்கும் இடி. கொடைக்கானல் பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, வடுகபட்டி சந்தையில அதுக்கு மரியாதை இருக்கு. நம்ம நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையம் மண்டியில வெதைக்குப் போகும், வடக்கத்திக்காரங்க லாரி வந்தா விலை, வராட்டி இல்ல.

உரம் ஏன் இந்த விலை விக்குது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டுங்க. இலை விலையை விட இதுதான் சத்தமில்லாம கொல்லுறது. பொட்டாஷ் நம்ம நாட்டுல கெடைக்கவே கெடைக்காது, ரஷ்யா, பெலாரஸ், கனடா மாதிரி நாட்டுல இருந்துதான் வரணும். 2022ல உக்ரைன் சண்டை, பெலாரஸ் மேல தடை எல்லாம் சேர்ந்து 50 கிலோ மூட்டை 1,700 ரூபா ஆச்சு. சீனா 2021ல இருந்தே யூரியா, பாஸ்பேட் ஏற்றுமதியை நெனச்சா நிறுத்தும், நெனச்சா விடும். தேயிலையில ரவுண்டுக்கு ரவுண்டு கொழுந்தைக் கிள்ளி எடுக்கிறோம், தழைச்சத்தும் சாம்பல் சத்தும் அதோட போயிடுது, போட்டே ஆகணும். விலை ஏறினா நாம என்ன பண்ணுவோம், ஒரு வருஷம் பொட்டாஷைத் தள்ளிப் போடுவோம். அந்த வருஷம் ஒண்ணும் தெரியாது. கவாத்து வெட்டின செடி அடுத்த வருஷம் தளிர்க்காம நிக்கிறப்பதான் தெரியும்.

ரூபாய் விழுந்தா ஏற்றுமதிக்கு நல்லதுன்னு பேப்பர்ல போடுறானே?

ஏற்றுமதி பண்ணுறவருக்கு நல்லது. 2025 டிசம்பர்ல டாலர் 90 ரூபாயைத் தாண்டுச்சு, அதனால அவரு வெளிநாட்டுல கொஞ்சம் விலை எறக்கிக் குடுத்தும் இங்க அதே ரூபாயைப் பார்க்கலாம். ஆனா அந்த வசதி இலை வரைக்கும் எறங்கி வரதை நான் பேக்டரி கணக்குல பதினோரு வருஷத்துல ரெண்டு மூணு தடவைதான் பார்த்திருக்கேன். டீசலும் உரமும் ஏறினது மட்டும் அடுத்த வாரமே நம்ம தலையில வந்து விழுந்துடும்.

என் பையன் திருப்பூர்ல இருக்கான், அங்க என்ன நெலமை?

இதை டீயோட சேர்த்துத்தான் பார்க்கணும். நம்ம மலையில எத்தனை வீட்டுல இலைக் காசு மளிகைக்கு, திருப்பூர்க் காசு சீட்டுக்கும் ஸ்கூல் பீஸுக்கும்னு ஓடுது. திருப்பூர் பனியன் ஏற்றுமதியில மூணுல ஒரு பங்கு பக்கம் அமெரிக்காவுக்குத்தான். 50 சதவீத வரி டீயை விட அங்கதான் பலமா அடிச்சுது, பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அப்போ வரி 20 சதவீதம்தான் இருந்துச்சு, அமெரிக்கக் கடைக்காரன் எங்க போவான். அங்க ஓவர்டைம் நின்னாலே போதும், இங்க மாசக் கடைசி இழுக்கும். எங்க தெருவுல ஒரு பொண்ணு செப்டம்பர்ல ஊருக்கு வந்துது, லீவு விட்டிருக்காங்கன்னுச்சு. பொங்கல் வரைக்கும் அம்மாகூட இலை பறிச்சுக்கிட்டு இங்கதான் இருந்துச்சு.

நம்ம அரசாங்கமும் திருப்பி வரி போட்டா என்ன?

போட்டிருக்காங்க. 2018ல அமெரிக்கா நம்ம இரும்பு, அலுமினியம் மேல வரி போட்டுது, 2019 ஜூன்ல நமக்குக் குடுத்துக்கிட்டிருந்த வரிச்சலுகையையும் எடுத்துச்சு, அதே மாசம் நாம அந்த இரும்பு வரிக்குப் பதிலா அவங்க ஆப்பிள், பாதாம், அக்ரூட் மேல கூடுதல் வரி போட்டோம். ஆப்பிளுக்கு 50ல இருந்து 70 ஆச்சு. ஹிமாச்சல் மலைக்காரங்களுக்கு சந்தோஷம். 2023ல உறவு சரியாச்சுன்னு அதை எடுத்துட்டாங்க, அவங்களுக்கு வருத்தம். மலை விவசாயியோட பொருளு சண்டை வந்தா ஆயுதம், சமாதானம் வந்தா சீதனம். நம்ம டீயும் அப்படித்தான், 2010ல ஆசியான், அதாவது தென்கிழக்காசிய நாடுங்களோட ஒப்பந்தம் வந்தப்ப டீ, காபி, மிளகுக்கு வரியைப் படிப்படியா எறக்க ஒத்துக்கிட்டாங்க. அதனால எனக்கு சண்டை நடக்குறப்ப இருக்கிற பயத்தை விட, டெல்லியில கை குலுக்கி போட்டோ எடுக்கிறப்பதான் பயம் ஜாஸ்தி, அந்தப் பேப்பர்ல எத்தனாவது பக்கத்துல டீ இருக்குன்னு.

சரி, நாம என்னதான் பண்ணுறது? தேயிலையைப் புடுங்கிட்டு கேரட் போடலாமா?

அவசரப்படாதீங்க அண்ணே. கேரட்டுக்கு மேட்டுப்பாளையம் மண்டி என்ன விலை வைக்கும்னு உங்களுக்குத் தெரியும், தேயிலைச் செடியைப் புடுங்கினா திரும்ப நட்டு இலை எடுக்க வருஷக்கணக்காகும், மழைக்கு மண்ணும் சரிஞ்சு வரும். நான் பண்ணுறதைச் சொல்லுறேன். ரெண்டு இலை ஒரு கொழுந்துன்னு கையால பறிச்சு தனிச் சாக்குல போட்டு, நல்ல இலைக்குக் கூட ரெண்டு ரூபா குடுக்கிற பேக்டரிக்கு அனுப்புறேன், எடை குறையுது, ஆனா விலை விழுற மாசத்துல அந்த பேக்டரி தூளுதான் நிக்காம போகுது. இலை ஏஜென்ட்கிட்ட முன்பணம் வாங்குறதை நிறுத்தினேன், முன்பணம் வாங்கினா வேற பேக்டரிக்குப் போக முடியாது, ஈரக் கழிவுன்னு எத்தனை கிலோ பிடிச்சாலும் வாயைத் திறக்க முடியாது. இண்ட்கோ கூட்டுறவு பேக்டரி மேல எல்லாருக்கும் ஆயிரம் குறை, எனக்கும் உண்டு, ஆனாலும் அது ஒண்ணு பக்கத்துல இருக்கிறதாலதான் தனியார்க்காரர் ஓரளவுக்கு மேல எறக்க யோசிக்கிறாரு. 2023ல கிலோவுக்கு 33 ரூபா 50 காசு கேட்டு கோத்தகிரி பக்கம் உண்ணாவிரதம் இருந்தாங்களே, அந்த நம்பர் கெடைக்குதோ இல்லையோ, ஒரு அடிவிலை வேணும்ங்கிறது சரிதான்.

கடைசியா ஒண்ணுங்க. விலை இல்லாதப்ப இலையை ரெண்டு நாள் நாமளே வச்சிருந்தா என்ன?

நான் வச்சுப் பார்த்தேன். அஞ்சாறு வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழமை ஏஜென்ட் சொன்ன விலையில கோவம் வந்து, போய்யான்னு ரெண்டு மூட்டையைக் கொட்டகையிலயே போட்டுட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூட்டை வாயைப் பிரிச்சுக் கையை விட்டேன், சுடுதண்ணிக்குள்ள விட்ட மாதிரி உள்ள அப்படி ஒரு சூடு. மேல இருந்த இலை பச்சையாத்தான் இருந்துச்சு, நடுவுல எல்லாம் செவந்து, புளிச்ச வாசம். திங்கக்கிழமை ஏஜென்ட் எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம அடுத்த மூட்டைக்குப் போயிட்டான். ரெண்டையும் தூக்கிட்டுப் போயி செடிக்கு அடியிலயே கொட்டினேன்.